விழுந்ததை மட்டும் எண்ணுகிறவர்கள்

போன மாசம் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டில் ஒரு தம்பி போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் எங்கேயோ ஒரு சதுப்பு நிலம். நாணலுக்குள் ரெண்டு பேர், கையில் ஷொட்கன். தாராக் கூட்டம் இறங்குது, படார் படார். பிறகு பத்து நிமிசம் ஒரே விவாதம்: மூணு இஞ்சித் தோட்டா நல்லதா, மூணரை இஞ்சி நல்லதா? டிக்கோயா தாண்டி காசல்ரீ தண்ணி தெரிஞ்சதும் தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, இங்கயும் இப்படிச் சுடலாமாண்ணே?"

சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். ஆனால் என் தாத்தா துரைமாருக்குத் தோட்டாப் பை தூக்கினவர். அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த இஞ்சிக் கணக்கைப் பார்ப்போம். "12 போர்" என்பது குழாயின் அகலம். அந்தக் குழாய்க்குச் சரியாக இருக்கும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். தோட்டாவின் நீளம் வேறு கணக்கு: இரண்டே முக்கால் இஞ்சி (70 மி.மீ.), மூன்று (76), மூன்றரை (89). நீளம் கூடினால் வேகமும் கூடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இல்லை. உள்ளே சன்னம் கூட, தோளில் உதையும் கூட. அவ்வளவுதான்.

இன்னொரு ஆபத்தான விசயம். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். அதனால் மூன்று இஞ்சித் தோட்டா, சுடும்வரை இரண்டே முக்கால் இஞ்சி அறைக்குள்ளும் நல்லபிள்ளையாகப் போய் உட்காரும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். துவக்கே சிதறலாம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றின் அறை இரண்டரை இஞ்சிதான். ஆகவே எது பெரிசு என்று கேட்பதற்கு முன், இந்தக் குழாய்க்கு எது என்று கேட்க வேண்டும்.

மூன்றரை இஞ்சி வந்த கதையும் வீரக் கதை இல்லை. தாரா, இரையை அரைப்பதற்காகச் சேற்றிலிருந்து சின்னக் கல்லைப் பொறுக்கி விழுங்கும். வருசக்கணக்காக வேட்டைக்காரர்கள் சுட்ட ஈயச் சன்னமும் அந்தச் சேற்றில்தான் கிடந்தது. அதை விழுங்கிய பறவைகள் நஞ்சேறிச் செத்தன. 1991இல் அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஈரநிலங்களில் தடுத்தது. ஈயத்துக்குப் பதில் வந்த இரும்பு இலேசானது, சீக்கிரம் வேகம் இழக்கும். பெரிய சன்னம் போட வேண்டும், அதற்கு இடம் வேண்டும். நீளத் தோட்டாவுக்குக் கிராக்கி வந்தது அப்படித்தான்.

அதை வாங்குகிறவன் மனசில் வருவது வேறு: "இனி இன்னும் தூரத்தில் சுடலாம்." நிதானமான வேட்டைக்காரர்கள் 35, 40 மீட்டரைத் தாண்டினால் சுட மாட்டார்கள். அதற்கு மேல் சன்னம் பரந்துவிடும். ஒன்றிரண்டு படும், பறவை பறந்துகொண்டே போகும், எங்கேயோ நாணலுக்குள் போய்ச் சாகும். தாத்தா இதைப் பள்ளிக்கூடம் போகாமலே சொல்லுவார்: "விழுந்தத எண்ணுவாங்க. அடிபட்டுப் பறந்தத எந்தத் தொரையும் எண்ணினதில்ல."

துரைமார் பருவத்துக்கு வயற்பக்கம் உள்ளான் சுடப் போகும்போது தாத்தாவும் போவார். சேற்றில் இறங்கி விழுந்ததைப் பொறுக்குவது, துவக்கைத் துடைத்து வைப்பது அவர் வேலை. எந்தத் துவக்கு, எந்தத் தோட்டா என்று தெரிவு செய்வது அவர் வேலை இல்லை. இந்த மலைநாட்டில் வேட்டை என்பதே அப்படித்தான் இருந்தது. 1840களில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் நாய்க்கூட்டத்தோடு மரை துரத்தியதைப் புத்தகமாகவே எழுதினார். மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைக்கு மேல் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார், கல்லறை நுவரெலியாவில். அவர்களுக்கு அது விளையாட்டு.

சரி, நம்ம கதை என்ன? 2020 மே மாசம், மஸ்கெலியா நல்லதண்ணி பக்கம் லக்ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனார்கள். சில நாளில் செத்தது. கம்பி வைத்தது சிறுத்தைக்கு இல்லை, பன்றிக்கு.

"பன்றி வந்து ஒரு ராத்திரியில கிழங்குப் பாத்தியத் தோண்டிப்போட்டா நீ வந்து கடன் கட்டுவியா?" என்று என்னிடம் கேட்ட மாமா இருக்கிறார். நியாயமான கேள்வி. காணி உறுதியே இல்லாத லயத்து மனுசன் பயிர் காக்க என்று லைசன்ஸ் துவக்குக் கேட்டுப் போய் நிற்க முடியுமா? கைக்கு எட்டுவது கம்பிதான்.

ஆனாலும் அந்தக் கம்பியை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. மோசமான வேட்டைக்காரனுக்குக்கூடத் தூரம், குறி என்று இரண்டு கேள்வி இருக்கும். கம்பிக்குக் கண் இல்லை. பன்றியா, மரையா, பன்றிக்குட்டி தின்னும் சிறுத்தையா என்று பார்க்காது. வைத்தவன் தூங்கிக்கொண்டிருப்பான். எண்ணாமல் விட்டதில் துரை ஒரு வகை, நாம் இன்னொரு வகை.

அதனால் நம் ஆட்கள் கேட்க வேண்டியது நீளத் தோட்டா இல்லை. காட்டோரப் பாத்திக்கு வேலி கேட்க வேண்டும், நாசமான பயிருக்கு நட்டஈடு கேட்க வேண்டும், அதற்கு முதல் காணி உறுதி கேட்க வேண்டும். சம்பளத்துக்காகச் சேர்ந்து நிற்கத் தெரிந்த நமக்கு இதற்கும் சேர்ந்து நிற்கத் தெரியும். அதுவரை, வைத்த கம்பியை நாமே போய்க் கழற்றலாம்.

தம்பிக்கு இவ்வளவும் சொல்லவில்லை. காட்டுத் தாராவைச் சுட இன்றைக்குச் சட்டம் விடாது என்று மட்டும் சொன்னேன். முகம் சுருங்கிப் போச்சு. நோர்வூட்டில் இறங்கும்போது கேட்டான்: "உங்க தாத்தா ஒரு தரமாவது சுட்டிருக்காராண்ணே?"

இல்லை. ஆனால் தப்பிப் பறந்ததை எல்லாம் எண்ணி வைத்திருந்தது அவர்தான்.