கல்யாணமா, காலேஜா?



"பிளஸ் டூ முடித்த பெண்ணை மேலே படிக்க அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டால் டீச்சர் என்னதான் செய்வது?" என்று ஓர் ஆசிரியைச் சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளியில் வேலை பார்க்கும் எங்களுக்கெல்லாம் மார்ச் பரீட்சை முடிந்ததும் ஆரம்பிக்கிற தலைவலி இது. பொதுவாகப் பதில் சொல்வதைவிட, போன வருஷம் என்னிடம் படித்த ஒரு நரிக்குறவர் வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

கணக்குப் பதிவியலில் படு கெட்டி. பி.காம். படிக்க ஆசை. வீட்டிலோ வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். பதினெட்டு வயது நிரம்ப ஆவணி ஆக வேண்டும்.

"அவங்க பழக்கமே அப்படித்தான், விட்டுடுங்க டீச்சர்" என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டில் ஜாதகத்தைக் காட்டிப் பெண்ணின் படிப்பைப் பாதியில் நிறுத்தினால் அது சம்பிரதாயம், அவர்கள் செய்தால் மட்டும் 'பழக்கமா'? சினிமாவில் வேடிக்கை மனுஷர்களாகப் பார்த்துப் பார்த்தே நமக்கு அவர்களைத் தெரியாமல் போய்விட்டது.

சாயங்காலமாகப் போனேன். காலையில் போனால் எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் வியாபாரத்துக்குப் போயிருப்பார்கள். பாயில் உட்கார்ந்து டீ வாங்கிக் குடித்தேன். அப்பா பாசிமணி கோத்துக்கொண்டே பேசினார். முதல் அரை மணி நேரம் மணி விலையேற்றம்தான் பேச்சு. படிப்பை நான் எடுக்கவே இல்லை. அவராகவே ஆரம்பித்தார்.

"படிச்சா நல்லதுதான் டீச்சரம்மா. தைப்பூசத்துக்குப் பழநி, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை, செப்டம்பர்ல வேளாங்கண்ணின்னு குடும்பத்தோட கிளம்பிடுவோம். இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?"

பாட்டிக்கு வேறு கவலை. "காலேஜுக்குப் போனா எங்க பாஷையே மறந்துடும். அப்புறம் எங்க பசங்களை மதிப்பாளா?"

அவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தியோடு உறவுள்ள பாஷை. தனக்கென்று எழுத்து இல்லாததால், பிள்ளைகள் வாயில் இருந்தால்தான் உண்டு. பாட்டியின் பயம் நியாயமானது. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பெண்ணே சொன்னாள்: "மொத்தக் கடை பில்லை உனக்கு நம்ம பாஷையிலதானே படிச்சுச் சொல்றேன், பாட்டி?" கிழவி சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது அப்பாவைத் தனியே அழைத்துச் சட்டத்தையும் சொன்னேன். 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி 18 நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்தால் மாப்பிள்ளை, பெற்றோர், முன்னின்று நடத்தியவர்கள் எல்லோரும் தண்டனைக்கு ஆளாவார்கள். 1098-க்கு ஒரு போன் போனால் போதும், கல்யாணம் நின்றுவிடும். இதில் அவர்கள் வழக்கம் என்று நான் இறங்கி வரத் தயாராக இல்லை. ஆனால் சகோதரி, சட்டம் ஆவணி வரைதான் நமக்குத் துணை. அதற்கப்புறம்? அதனால்தான் அந்தப் பாயில் மறுபடி மூன்று சாயங்காலம் போய் உட்கார்ந்தேன்.

பெண்ணையும் தனியாகக் கேட்டேன். "பையனைப் பிடிக்கும் டீச்சர். ஆனா இப்ப வேணாம்" என்றாள். அது எனக்கு முக்கியமாகப்பட்டது. நிச்சயத்தை முறிக்கச் சொல்லியிருந்தால் வாக்குத் தவறினோம் என்று அப்பா பஞ்சாயத்தில் தலை குனிய வேண்டும், பேச்சு அங்கேயே முறிந்திருக்கும். மூன்று வருஷம் தள்ளிப்போடச் சொன்னோம். பையன் வீட்டில் பேசியது அம்மா. நான் கூடப் போனேன், அவ்வளவுதான்.

அம்மாவை அசைத்தது புதுமைப் பெண் திட்டம். 1989-இல் ஆரம்பித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தைத்தான் 2022-இல் உயர்கல்வி உதவியாக மாற்றினார்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலேயே பாங்கில் விழும். கல்யாணத்துக்கென்று வந்த பணம் படிப்புக்கு மாறிய கதையை அம்மா இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

ஜாதிச் சான்றிதழுக்குத்தான் அலைச்சல். அப்பாவிடம் இருந்தது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பழைய சான்றிதழ். நரிக்குறவர் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தது 2023 ஜனவரியில். இதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும், தாலுகா ஆபீஸில் அல்ல. இந்த மாதிரிக் குழந்தைகள் உங்கள் பள்ளியில் இருந்தால் பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அட்மிஷன் நேரத்தில் ஓடினால் மூச்சு வாங்கும்.

விடுதியைப் பார்க்க அம்மாவையே அழைத்துப் போனேன். குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். வார்டனம்மாவின் போன் நம்பரை மகளிடம் எழுதி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு மறுப்பு வரவில்லை.

இப்போது முதல் வருஷம் படிக்கிறாள். திருவிழாவுக்குக் கூட வர வேண்டும் என்பது பாட்டி போட்ட நிபந்தனை. பங்குனி உத்திரத்துக்குப் பழநி போக எட்டு நாள் லீவு வேண்டுமாம். 75 சதவீத வருகைப்பதிவு குறையாமல் அதற்கு எப்படி இடம் பண்ணுவது என்று அவளும் நானும் காலண்டரை வைத்துக்கொண்டு எண்ணிக் கொண்டிருக்கிறோம்.