எளியோன் பெயரால்

எளியவனின் பெயரைச் சொல்லிக்கொண்டே எளியவனுக்குரியதைப் பறித்தெடுக்கும் வழக்கம் வரலாற்றிற்குப் புதியதன்று. நிலத்திலும் தொழிலிலும் அது நிகழ்ந்தபோதெல்லாம் அதனை இனங்கண்டு எழுதியோர் பலர். பொழுதுபோக்கில் அது நிகழும்போது மட்டும் கற்றோர் உலகம் புன்னகையோடு கடந்து சென்றுவிடுகின்றது. "விளையாட்டுத்தானே" என்ற அலட்சியம் அப்புன்னகையின் பின்னால் இருக்கின்றது. ஆனால், கோடிக்கணக்கான மனிதர் தம் ஓய்வுப் பொழுதைக் கணினித் திரையின் முன் கழிக்கும் இக்காலத்தில், அவ்வோய்வுப் பொழுது எவ்வாறு வடிவமைக்கப்படுகின்றது, யாருடைய நலனுக்காக மாற்றியமைக்கப்படுகின்றது என்ற வினாக்களைச் சமூக நோக்குடையோர் ஒதுக்கிவிட முடியாது. 'ஸ்ரார் வோர்ஸ் கலக்சீஸ்' என்ற அமெரிக்க இணைய ஆட்டத்திற்கு 2005ஆம் ஆண்டு நேர்ந்த கதி இதற்குத் தக்க சான்றாகும்.

1977இல் தொடங்கிய 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்பட வரிசை, விண்வெளிப் பேரரசொன்றுக்கும் அதனை எதிர்க்கும் கிளர்ச்சியாளருக்கும் இடையிலான போரைக் கூறுவது. அப்படங்களின் உலகைக் களமாகக் கொண்டு சொனி ஒன்லைன் என்ரர்ரெயின்மென்ற் நிறுவனம் ஆக்கி, லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து 2003 ஜூன் மாதத்தில் வெளியிட்ட ஆட்டமே கலக்சீஸ். பல்லாயிரவர் இணையத்தின் வழியாக ஓர் உலகினுள் நுழைந்து, தாம் தெரிந்தெடுத்த பாத்திரங்களாக அங்கு நடமாடினர். மாதக் கட்டணம் ஏறத்தாழ 15 டொலர். அதனை வடிவமைத்தோருள் முதன்மையானவர் ராஃப் கொஸ்ரர். 1997இல் வெளிவந்த 'அல்ற்றிமா ஒன்லைன்' ஆட்டத்தின் வடிவமைப்பிலும் முக்கிய பங்கு வகித்தவர் அவர்.

கலக்சீஸின் தனித்தன்மை அதன் தொழிற்பிரிவில் இருந்தது. கைவினைஞர், கைகலப்பு வீரர், அரங்கக் கலைஞர், துப்பாக்கி வீரர், மருத்துவர், காடறிவோர் என அடிப்படைத் தொழில்கள் ஆறு. அவற்றிலிருந்து கிளைத்தவற்றையும் சேர்த்துத் தொழில்கள் முப்பதுக்கும் மேற்பட்டன. 250 திறன்புள்ளிகள் என்ற எல்லைக்குள் எத்தொழிலை எவ்வளவு கற்பது என்பது ஆடுபவனின் விருப்பம். ஒருவன் பாதி தையற்காரனாகவும் பாதி இசைக்கலைஞனாகவும் இருக்கலாம். வேண்டாத திறனைக் கைவிட்டுப் புதியதைக் கற்கலாம். போர்வீரனுக்கு இவர்கள் அனைவரும் தேவைப்பட்டனர். காயம்பட்டவன் மருத்துவரை நாடினான். போரினால் சோர்ந்தவன் மதுச்சாலையில் ஆடுவோரையும் இசைப்போரையும் பார்த்திருந்தே சோர்வு நீங்கினான். அவனுடைய கவசமும் துப்பாக்கியும் வேறோர் ஆட்டக்காரனின் பட்டறையில் உருவானவை. பாவிக்கப் பாவிக்கத் தேய்பவை. ஆகவே மீண்டும் வாங்கப்பட வேண்டியவை. நிலத்திற் கிடைக்கும் தாதுக்களும் ஒரே தரத்தன அல்ல. குறுகிய காலம் கிடைத்துப் பின் மறையும் உயர்ந்த தாதுவைத் தேடிக் கண்டறிந்தவனின் பொருளுக்குச் சந்தையிலே தனி மதிப்பு இருந்தது. ஆட்டக்காரர் தாமே ஊர்களை அமைத்து, தமக்கான நகரபிதாவையும் வாக்களித்துத் தெரிவு செய்தனர்.

இவ்வமைப்பில் ஓய்வுநேர ஆட்டக்காரனின் நிலை யாது? பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் உறங்கிய பின் ஒரு மணிநேரம் கணினியின் முன் அமர்பவனே இங்கு ஓய்வுநேர ஆட்டக்காரன் எனப்படுகின்றான். இவ்வகை ஆட்டங்களிற் பெரும்பாலானவை நேரத்தை அள்ளிக் கொடுப்பவனுக்கே உயர்வளிக்கின்றன. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் பகைவரைக் கொன்று குவிப்பவன் மேல்நிலை எய்துவான். ஒரு மணிநேரம் மட்டும் வருபவன் என்றும் பின்னே நிற்பான். கலக்சீஸில் இவ்விதி முற்றாக ஒழிந்திருந்தது என்று கூறமுடியாது. ஆனால் பெரிதும் தளர்ந்திருந்தது. நிலத்தில் நிறுவிய அகழ்பொறி, உரியவன் ஆட்டத்தை விட்டு வெளியேறிய பின்னரும் தாதுவை எடுத்துக்கொண்டிருந்தது. அவனது தொழிற்சாலை அவன் உறங்கும்போதும் இயங்கியது. கடையில் அவன் நிறுத்திய விற்பனையாளன், அவன் அலுவலகத்தில் இருக்கும்போதும் விற்றுக்கொண்டிருந்தான். இரவில் வந்து பொறிகளுக்குப் பராமரிப்புப் பணமும் மின்வலுவும் இட்டு, கடையை நிரப்பிச் செல்ல அவனிடமிருந்த நேரம் போதுமாயிருந்தது. அவன் தைத்த சட்டையை அவன் கண்டிராத எவரோ அணிந்து சென்றனர். குறைந்த நேரமுடையவனும் அவ்வுலகிற்கு வேண்டப்பட்டவனாய் இருந்தான். இதுவே அவ்வாட்டத்தின் சனநாயகப் பண்பு.

2005 நவம்பர் 15ஆம் திகதி, 'புதிய ஆட்ட மேம்பாடுகள்' என்ற பெயரில் நிறுவனம் இவ்வமைப்பைக் குலைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே போர்முறை ஒருமுறை மாற்றப்பட்டிருந்தது. அம்மாற்றத்திற்கு ஆட்டக்காரர் பழகி முடியுமுன் இரண்டாவது இடி விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் ஒன்பதாகக் குறுக்கப்பட்டன. திறன்களைத் தன் விருப்பிற்கேற்பக் கலந்துகொள்ளும் உரிமை போயிற்று. விலங்குகளைப் பழக்கி வளர்த்தோரின் தொழில் நீக்கப்பட்டது. குறிவைத்து விரைந்து சுடும் போர்முறை புகுத்தப்பட்டது. நெடிது முயன்று மிகச் சிலரே எய்தக்கூடியதாயிருந்த ஜெடாய் நிலை, முதல் நாளிலேயே எவரும் தெரிந்தெடுக்கும் தொழில்களுள் ஒன்றாயிற்று. இதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், நவம்பர் முதலாந் திகதி, இதே ஆட்டத்திற்கான புதிய விரிவாக்கமொன்றை நிறுவனம் விற்பனைக்கு விட்டிருந்தது. பழைய முறையை நம்பி அதை வாங்கியோரின் சினத்தைக் கண்ட பின்னரே பணத்தைத் திருப்பியளிக்க முன்வந்தது.

இம்மாற்றத்திற்குக் கூறப்பட்ட நியாயமே இங்கு ஆராய்தற்குரியது. லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர் 2005 டிசம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகைக்கு அதனை ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஆட்டத்தைப் பரந்துபட்ட மக்களுக்கு எளிதாக்குவதே நோக்கம் என்றார். ஆட்டத்தினுள் வாசிக்க வேண்டியவை மிகையாக இருந்தன என்றார். மக்களுக்குத் தேவை ஹான் சோலோவாகவோ லூக் ஸ்கைவோக்கராகவோ வாழும் அனுபவமேயன்றி ஓவன் சித்தப்பாவாக வாழும் அனுபவமன்று என்பது அவர் கருத்தின் சாரம். ஓவன் என்பவர் கதாநாயகனான லூக்கை வளர்த்தெடுத்தவர். ரற்றூயின் என்ற பாலைக் கோளில், காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்தெடுத்து நீராக்கும் விவசாயி. முதற் படத்தில் பேரரசின் படைவீரர் அவரையும் மனைவியையும் கொன்றுவிட, லூக் வீரப் பயணம் புறப்படுகின்றான்.

ஆக, எளிய ஆட்டக்காரனுக்காக என்று சொல்லிச் செய்யப்பட்ட மாற்றத்தில் முதலில் வெளியேற்றப்பட்டவர் எளிய விவசாயியே! இம்முரண் தற்செயலானதன்று. சாதாரண மனிதனைப் பற்றிப் பெருவணிகம் கொண்டுள்ள கருத்து அதில் வெளிப்படுகின்றது. அவன் வாசிக்க விரும்பாதவன், பொறுமையற்றவன், ஆக்குவதிலும் பேணுவதிலும் இன்பம் காணத் தெரியாதவன், கொல்லுதல், கொள்ளை கொள்ளுதல், மீண்டும் கொல்லுதல் என்ற சுழற்சிக்கு அப்பால் எதையும் வேண்டாதவன் என்பதே அக்கருத்து. பழங்காப்பிய இலக்கணம் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டி நின்றது. அக்காப்பியத்திலுங்கூடத் தலைவன் ஒருவனே. இங்கோ ஒவ்வொரு கட்டணகாரனும் தன்னிகரில்லாத் தலைவனாக்கப்படுகின்றான். எல்லோரும் ஜெடாய்களாக உலவும் ஓர் உலகில் ஜெடாய் என்ற சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்? தையற்காரனும் மருத்துவனும் ஆடல்மகளும் வேண்டப்படாத உலகில் வீரன் யாருக்காகப் போரிடுகின்றான்?

நிறுவனத்தின் சார்பில் இரு வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ற்' ஓராண்டுக்குள் பல இலட்சம் மக்களை ஈர்த்தது. அப்போட்டியில் கலக்சீஸ் தாக்குப்பிடிக்க வேண்டியிருந்தது என்பது முதல் வாதம். போட்டி உண்மையே. ஆனால் அப்போட்டியாளன் விற்றதையே தானும் விற்க முனைந்தவன், தன்னிடம் மட்டும் கிடைத்ததை அழித்தான். வோர்கிராஃப்ற் உலகை விரும்பியோர் ஏற்கெனவே அங்கிருந்தனர். எதிர்பார்த்த பெருங்கூட்டம் கலக்சீஸை நாடி வரவில்லை. இருந்தவர்களில் பலர் வெளியேறினர். நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜோன் ஸ்மெட்லியே பின்னாளில் அம்மாற்றம் தவறென ஒப்புக்கொண்டார்.

பழைய ஆட்டம் குறைபாடுகள் மலிந்தது என்பது இரண்டாவது வாதம். இதிலும் உண்மை உண்டு. அது முற்றுப்பெறாத நிலையில் வெளியிடப்பட்டது, வழுக்கள் பல, தொழில்களிடையே சமநிலை இல்லை, புதிதாக வருபவனுக்கு வழிகாட்டுவாரில்லை. ஜெடாய் நிலையை அடைவதற்காக விருப்பமற்ற தொழில்களை மாதக்கணக்கில் இயந்திரம்போற் பயின்றவர்களும் இருந்தனர். இவையெல்லாம் திருத்தப்பட வேண்டியவையே. கூரை ஒழுகினால் ஓடு மாற்றலாம். அதற்காகக் குடியிருப்போர் உள்ளே இருக்கையிலேயே வீட்டை இடிப்பதைத் திருத்தம் என்று எவரும் கூறார். வழிகாட்டல் குறைந்திருந்ததாயின் வழிகாட்டலைக் கூட்டியிருக்க வேண்டும்; தொழிலைக் குறைத்தது எவ்வாறு பரிகாரமாகும்?

இவ்விடத்தில் எதிர்த்துக் குரலெழுப்பியோர் பலரின் வாதத்தையும் கண்டிக்காமல் விடுவது நேர்மையாகாது. அம்மாற்றம் சிறுபிள்ளைகளுக்கும் அரைகுறை ஆட்டக்காரருக்கும் ஏற்றவாறு செய்யப்பட்டதென்று பழைய ஆட்டக்காரரிற் பலர் ஏளனம் செய்தனர். ஓய்வுநேர ஆட்டக்காரனே தம் உலகைக் கெடுத்தான் என்றும் அவர்கள் நம்பினர். எளியவன் மந்தபுத்தியுள்ளவன் என்ற நிறுவனத்தின் கணிப்பை அவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டனர் என்பதே இதன் பொருள். நிறுவனம் அவனுக்குப் பரிந்து பேசியது. இவர்கள் அவனைப் பழித்தனர். இரு சாராரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், இரவில் ஒரு மணிநேரம் வந்து தன் கடையைத் திறந்து பார்த்துச் சென்ற அத்தையற்காரனின் விடை வேறாக இருந்திருக்கும். கடினமான போர்களையும் நெடிய பயிற்சிகளையும் தவிர்த்துக்கொண்டே அவ்வுலகிற் பயனுள்ளவனாய் வாழ அவனுக்கு வழியிருந்தது. அவ்வழியே அடைக்கப்பட்டது.

ஆட்டம் நிறுவனத்தின் சொத்து, விருப்பமில்லாதவன் வேறிடம் செல்லலாம் என்பது இறுதியாகச் சொல்லப்படும் பதில். சட்டப்படி அது சரியே. ஆட்டத்தில் நுழைவோர் ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம், அங்குள்ள யாவும் நிறுவனத்திற்கே உரியன என்று கூறும். ஆனால் நிறுவனம் ஆக்கியது நிலத்தையும் விதிகளையுமே. ஊர்களை அமைத்தவர்கள், சந்தையை நடத்தியவர்கள், மதுச்சாலையில் இசைக்குழு சேர்த்தவர்கள் ஆட்டக்காரர். ஆட்டத்தின் கவர்ச்சியிற் பெரும்பகுதி இவ்வுழைப்பினால் உருவானது. அவ்வுழைப்பிற்குக் கூலி கொடுக்கப்படவில்லை. மாறாக, உழைத்தவனே மாதந்தோறும் கட்டணம் செலுத்தினான். உழைப்பின் விளைவு உழைத்தவனிடமிருந்து அந்நியமாதல் பற்றி ஆலைகளை வைத்துக் கற்கும் மாணவர், ஓய்வு நேரத்திலும் அது தொடர்கின்றது என்பதை இங்கு காணலாம். எட்டு மணிநேரம் ஆடுபவனைவிட ஒரு மணிநேரம் ஆடுபவனின் இழப்பு சிறிதென்றும் எண்ணிவிடலாகாது. இரண்டு ஆண்டுகளில் அவன் சேர்த்தது சிறிதாயினும், அவனிடமிருந்த ஓய்வு முழுவதும் அதிலே அடங்கியிருந்தது.

கலக்சீஸ் 2011 டிசம்பர் 15ஆம் திகதி மூடப்பட்டது. மாற்றத்தின் பின் வந்து, பின்னாளைய திருத்தங்களால் மெருகேறிய ஆட்டத்தை நேசித்தவர்களும் அன்று தம் உலகை இழந்தனர். மாற்றத்திற்கு முந்திய வடிவை ஆர்வலர் ஊதியமின்றி மீளவமைத்து இயக்கி வருகின்றனர். பிந்திய வடிவிற்கும் அத்தகைய முயற்சிகள் உள்ளன. எந்த வடிவம் சிறந்தது என்ற பூசலைவிட, மக்கள் வாழ்ந்த உலகை அவர்களைக் கேளாது அழிக்கும் அதிகாரம் எவருக்கும் தகுமா என்பதே பெரிய வினா. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்திருத்தல் இயலாது என்று அன்று கூறியோருக்குக் காலமே பதிலளித்துள்ளது. 'ரூன்ஸ்கேப்' ஆட்டத்தின் 2007ஆம் ஆண்டு வடிவம், ஆட்டக்காரரின் வாக்கெடுப்பிற்குப் பின் 2013 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. வோர்கிராஃப்ற்றின் தொடக்க வடிவமும் 2019 ஓகஸ்ற்றில் மீண்டது. வணிக நோக்கிலும் அது இயலக்கூடியதே என்பது இவற்றால் மெய்ப்பிக்கப்பட்டது.

எனவே, எளியவனுக்காக என்று கூறி எந்த மாற்றம் வந்தாலும், எளியவனிடம் கேட்கப்பட்டதா என்று முதலில் வினவுதல் வேண்டும். எல்லோரும் நாயகராக விரும்புகின்றனர் என்பது நாயகர்களை விற்போரின் கூற்று. பகலெல்லாம் பிறருக்காக உழைத்தவன் இரவிலே தனக்கென ஒரு சிறு கடையையும் அயலவரையும் வேண்டினான். பாலைநிலத்தில் நீர் பிரிக்கும் விவசாயியாக வாழவும் அவன் விரும்பினான். லூக் வளர்ந்தது அவ்விவசாயியின் வீட்டிலே, அவர் பிரித்தெடுத்த நீரைக் குடித்துத்தான்.