சிகரத்தின் பெயரை மாற்றலாமா?

சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு பனிச் சிகரம் இருக்கிறது. பெயர் அகாசிஹார்ன். உயரம் ஏறத்தாழ 3,950 மீட்டர். அதன் அருகே பனியாறு ஊர்ந்து செல்கிறது.

லூயி அகாசி என்ற விஞ்ஞானியின் பெயர் அது. ஒரு காலத்தில் வட ஐரோப்பாவைப் பனி மூடியிருந்தது என்று 1837-ல் எடுத்துச் சொன்னவர் இவர். பனியாற்றின் மேலேயே பாறையடியில் தங்கி ஆராய்ந்தார்.

மறுபக்கம்

பிறகு அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். கறுப்பர்கள் தாழ்ந்த இனம் என்று பேசினார். அதை நிரூபிக்க, 1850-ல் தென் கரோலினாவில் அடிமைகளின் ஆடையைக் களைந்து படம் எடுக்கச் செய்தார். அவர்களில் ஒருவர் ரென்டி.

சிகரத்துக்கு ரென்டியின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று 2007-ல் கோரிக்கை எழுந்தது. சுவிஸ் அரசாங்கம் இனவெறியைக் கண்டித்தது. ஆனால் பெயரை மாற்ற மறுத்துவிட்டது.

நூஷாட்டல் நகரம் அப்படி இருக்கவில்லை. அகாசி பாடம் சொன்ன ஊர் அது. அங்கே அவர் பெயரில் இருந்த ஓர் இடத்துக்கு டிலோ ஃப்ரை என்ற பெண்மணியின் பெயரை வைக்க 2018-ல் முடிவாயிற்று. கறுப்பினத் தாய்க்குப் பிறந்த இவர், 1971-ல் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

பனியைப் பற்றி அகாசி சொன்னது சரி. அதைப் பள்ளியில் படிக்கலாம். மனிதரைப் பற்றிச் சொன்னது பெரும் பிழை. மலைக்குப் பெயர் வைப்பது பாடம் அல்ல, மரியாதை!