தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: பழைய டிராக்டர். பத்து நாளாக ரேடியேட்டரில் தினமும் ஒரு லிட்டர் தண்ணீர் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ‘ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்’ என்கிறார் ஒரு மெக்கானிக். ‘தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டு’ என்கிறார் இன்னொருவர். கார் நடவுக்குத் தொளி அடிக்கும் நேரம். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகர், இலஞ்சி, தென்காசி மாவட்டம்

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் உடனே செய்ய வேண்டாம். ரேடியேட்டர் தண்ணீர் மூடிய பாதைக்குள் சுற்றி வருவது. கோளாறு இல்லாத வண்டியில் அது நாள்தோறும் குறையாது. குறைந்தால் போகும் வழி நான்குதான். மூடி வழியாக ஆவியாகலாம். குழாய், தண்ணீர் பம்ப் வழியாக வெளியே கசியலாம். சிலிண்டருக்குள் போய்ப் புகையோடு வெளியேறலாம். அல்லது இன்ஜின் ஆயிலில் கலக்கலாம். முதல் இரண்டும் பெரும்பாலும் சிறு செலவில் முடியும். பின் இரண்டுக்கும்தான் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். எந்த வழி என்று தெரியாமல் பிரித்தால் பணம் வீண். தெரியாமல் ஓட்டினால் இன்ஜினே வீண்.

முதலில் ஆயில்

வண்டியை ஸ்டார்ட் செய்யலாமா கூடாதா என்பதை ஆயில்தான் சொல்லும். இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ சந்தேகம் வலுக்கிறது. தண்ணீர் ஆயிலைவிட கனம் என்பதால் இரவில் அடியில் தங்கும். அடியில் உள்ள வடிகால் நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும். வந்தால் அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கும் கிராங்க் ஷாஃப்டும் தேய்ந்து, செலவு பல மடங்காகும். மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் அது வேறு கோளாறு. அதோடும் ஓட்டக் கூடாது.

சாரல் காலத்தில் ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மட்டும் கொஞ்சம் வெள்ளை நுரை படிவதுண்டு. அது காற்றின் ஈரம். குச்சியில் ஆயில் சுத்தமாக இருந்து, மட்டமும் ஏறாமல் இருந்தால் பயப்பட வேண்டாம்.

அடுத்து மூடி

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியல்ல, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால் உள்ளே தண்ணீர் சுமார் 111 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரப்பர் வாஷர் வெடித்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். தரையில் சொட்டு இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டுபிடிக்க எளிய வழி: ரேடியேட்டர் கழுத்தில் உள்ள வழிவுக் குழாயின் நுனியை ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டுக் கட்ட வேண்டும். பாட்டில் வாய் இறுகி அடைபடக் கூடாது. மாலையில் பாட்டிலில் தண்ணீர் சேர்ந்திருந்தால், அது கழுத்து வழியாகத்தான் போகிறது. மூடியை மாற்றிப் பார்க்கலாம். கழுத்து விளிம்புவரை ஊற்றுவதும் தவறு. சூடேறியதும் தண்ணீர் விரிந்து, மிகுதி வெளியே வரத்தான் செய்யும். ஓர் அங்குலம் குறைவாக விட வேண்டும்.

புது மூடி போட்டும் தண்ணீர் பொங்கினால் இன்ஜின் அதிகம் சூடாகிறது என்று பொருள். தொளி அடிக்கும்போது தெறிக்கும் சேறும், அறுவடையில் பறக்கும் தூசியும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளை அடைத்துவிடும். இன்ஜின் ஆறியபின், விசிறி இருக்கும் பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்லத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். விசிறி பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு கசிவு

சூடான இரும்பில் விழும் துளி தரைக்கு வருமுன்னே காய்ந்துவிடும். அதனால் தண்ணீரைத் தேடாமல் தடத்தைத் தேட வேண்டும். குழாய் கிளிப்புகள், ரேடியேட்டர் மூலைகள், தண்ணீர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை ஆகிய இடங்களில் வெள்ளை உப்போ, துருக்கறையோ, கூலன்ட் நிறமோ படிந்திருந்தால் கசிவு அங்கேதான். பம்பின் துளையில் ஈரம் வந்தால் உள்ளே சீல் போய்விட்டது. கண்ணுக்குப் படாவிட்டால், ஆறிய ரேடியேட்டர் கழுத்தில் கைப்பம்ப் பொருத்தி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கருவி ஒர்க்‌ஷாப்பில் இருக்கும். முள் இறங்காமல் பத்து நிமிடம் நின்றால் வெளிக்கசிவு இல்லை எனலாம்.

கடைசியாகக் கேஸ்கட்

நன்கு ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதலில் வரும் சில குமிழிகள் தங்கியிருந்த காற்று. ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்டக் குமிழி நிற்காமல் வந்தால், சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் புகுகிறது. மூடி போட்டிருக்கையில், ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் குழாய் கல் போல் விறைப்பதும் இதே அடையாளம். சூடேறிய பிறகும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் எரியறைக்குள் போகிறது. சாரல் நாளில் காலையில் வரும் வெள்ளை ஆவி சில நிமிடத்தில் அடங்கிவிடும், அது கணக்கில்லை. இந்த அடையாளங்கள் இருந்தால் முதல் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது பிரித்தே ஆக வேண்டும்.

செய்யக் கூடாதவை

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகம் வெந்துவிடும். மேல் குழாய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின், துணி போட்டு மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினால் சிலிண்டர் ஹெட் கீறல் விடும். மஞ்சள் தூளைக் கொட்டி ஓட்டையை அடைப்பது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதால் கசிவு நிற்காது. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல்தான் கூடும்.

உப்புக் கிணற்றுத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்புப் படலம் கட்டும். காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. அது துருவைத் தடுக்கும், லைனரில் குழி விழுவதையும் குறைக்கும். ஆனால் கூலன்ட் இனிப்பான விஷம். வடித்ததை வாய்க்காலில் விடவோ, மாடும் நாயும் நக்கும்படி சட்டியில் வைக்கவோ கூடாது.

இந்த வாசகருக்கு

மூன்று நாள் போதும். எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினார், பாட்டிலில் எவ்வளவு சேர்ந்தது என்று நோட்டில் எழுதி வர வேண்டும். ஆயில் சுத்தமாக இருந்து, குமிழியும் வராமல் இருந்தால், மூடியையோ கசிவையோ சரிசெய்துவிட்டுத் தொளி அடிக்கலாம். ஆயில் வெளுத்திருந்தாலோ, குமிழி நிற்காவிட்டாலோ வண்டியை நிறுத்திவிட வேண்டும். வயலுக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலி மூலம் முன்பதிவு செய்து பார்க்கலாம். நடவு நாலு நாள் தள்ளினாலும் சமாளித்துக்கொள்ளலாம். இன்ஜின் பிடித்துக்கொண்டால் இந்தப் பூவோடு அடுத்த பிசானமும் கையை விட்டுப் போகும்.