எண்ணிக்கை வேண்டாம், இயக்கம் வேண்டும்: நெடுஞ்சாலை மின்வாகனப் பயணிகளின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய மின்துறை அமைச்சகம், கனரகத் தொழில்கள் அமைச்சகம், இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழ்நாடு அரசு, தமிழ்நாடு பசுமை ஆற்றல் கழகம், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், தனியார் சார்ஜிங் நிறுவனங்கள்.

முகவுரை

திண்டிவனம், விழுப்புரம், பெரம்பலூர், திருச்சி வழியாக மதுரைக்கும், வேலூர், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூருக்கும், சேலம், கரூர், திண்டுக்கல் வழியாகக் குமரிக்கும் மின்காரில் போய்வருகிறவர்கள் நாங்கள். குடும்பத்தோடு கோயில் குளம் போகிறவர்களும் எங்களில் உண்டு. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர்களும் உண்டு. போகிற வழியில் நிறுத்தும் ஒவ்வொரு சார்ஜிங் நிலையத்தையும் மதிப்பிட்டு எழுதிவைப்பது எங்கள் வழக்கம். வண்டியில் மாட்டும் சார்ஜிங் கன் வேலை செய்ததா, சொன்ன வேகத்தில் மின்சாரம் வந்ததா, காசு கட்ட எவ்வளவு நேரம் ஆனது, உதவிக்கு ஆள் கிடைத்தாரா, கழிப்பறை திறந்திருந்ததா என்ற கேள்விகளுக்கான பதில்களே இந்தச் சாசனத்தின் அடிப்படை.

மின்வாகனம் செய்வதில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது. ஒசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற பகுதிகளிலும் மின்ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் மின்கார்கள் வெளிவருகின்றன. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. ஆனால் இங்கே செய்த வண்டியை இங்குள்ள சாலையில் நிம்மதியாக ஓட்ட முடியவில்லை.

பணம் ஒதுக்கப்படவில்லை என்றும் சொல்ல முடியாது. மின்வாகனங்களை ஊக்குவிக்கும் ஒன்றிய அரசின் ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 7,432 சார்ஜிங் நிலையங்கள் அமைக்க 2023 மார்ச்சில் ரூ.800 கோடி அனுமதிக்கப்பட்டது. 2024-இல் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜிங்குக்கு மட்டும் ரூ.2,000 கோடி. அறிவிப்புகளில் எப்போதும் முன்னால் நிற்பது எத்தனை நிறுவினோம் என்ற கணக்கு. வண்டியில் 12 சதவீதம் சார்ஜோடு வந்து நிற்கிறவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை. முன்னால் நிற்கும் இயந்திரம் இந்த நிமிடம் ஓடுகிறதா என்பது ஒன்றுதான் அவர் கேள்வி.

நாங்கள் கண்ட குறைகள்

ஆப்பில் பச்சை நிறத்தில் காட்டும் சார்ஜர் நேரில் செத்துக் கிடக்கிறது. யாரோ அழுத்திவிட்டுப் போன சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானைத் திருகி விடுவிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் நாள் முழுக்க இயந்திரம் சும்மா நிற்கிறது. செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் சார்ஜர் தன் சர்வரோடு பேச முடியாமல், கரண்ட் இருந்தும் வண்டிக்கு ஏற்ற மறுக்கிறது. எர்த் சரியில்லாததால் கன்னை மாட்டியதும் வண்டியே வேண்டாம் என்று துண்டித்துக்கொள்கிறது. கார் ஷோரூம் வாசலில் உள்ள சார்ஜர், ஷோரூம் பூட்டியதும் கேட்டுக்கு உள்ளே சிறைப்பட்டுவிடுகிறது. ஒரே கன் உள்ள நிலையத்தில் முன்னால் இரண்டு வண்டி நின்றால் பயணத்திட்டமே சரிந்துவிடுகிறது.

இவை தனித்தனிப் பழுதுகள் போலத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான்: பொறுப்பேற்க ஆளில்லை. சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. அதற்கு மின்சாரச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவையில்லை என்று மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அது நல்ல முடிவு. அதனால்தான் பங்க், ஹோட்டல், மால் என்று எங்கும் சார்ஜர் முளைத்தது. ஆனால் உரிமத்தைத் தளர்த்தியவர்கள் சேவையின் தரத்துக்குக் காவலர் யார் என்று சேர்த்துச் சொல்லவில்லை. பெட்ரோல் பங்க்கில் அளவில் சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக்கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம்; காற்றும் குடிநீரும் கழிப்பறையும் அங்கே வாடிக்கையாளரின் உரிமை. அதே பங்க்கின் மூலையில் உள்ள சார்ஜருக்கு முன்னால் நிற்கும் ஆள், ஒரு ஆப்பின் தயவில் விடப்பட்டவர். உரிமம் வேண்டாம் என்பது பொறுப்பும் வேண்டாம் என்று ஆகிவிடக் கூடாது. அதற்காகவே பின்வரும் கோரிக்கைகளை வைக்கிறோம்.

கோரிக்கைகள்

1. ஒவ்வொரு கன்னுக்கும் 97 சதவீத இயங்குநேரம் சட்டப்படி கட்டாயமாக வேண்டும்.

30 நாள் மாதத்தில் 97 சதவீதம் என்றால் ஒரு கன் 21 மணி 36 நிமிடம்வரை பழுதாகி நிற்கலாம். பராமரிப்புக்கு அது தாராளம். அமெரிக்காவில் அரசு நிதியில் அமைந்த நெடுஞ்சாலை சார்ஜர்களுக்கு ஒவ்வொரு இணைப்புக்கும் இதே 97 சதவீதம்தான் விதி. பிரிட்டனின் 2023 விதிமுறைகள் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள விரைவு சார்ஜர் வலையமைப்புக்கு 99 சதவீதம் கேட்கின்றன. ஆனால் அது மொத்த வலையமைப்பின் சராசரி. சராசரி நமக்கு ஒத்துவராது: சென்னையில் நன்றாக ஓடும் பத்து சார்ஜர்களின் நிழலில் பெரம்பலூரில் செத்துப்போன ஒன்று மறைந்துகொள்ளும். கணக்கு கன் வாரியாக, மாதவாரியாக இருக்க வேண்டும். சர்வரில் உயிரோடு தெரிவதை இயக்கம் என்று எண்ணக் கூடாது. முன்பின் அறியாத ஒருவர் வந்து கன்னை மாட்டி மின்சாரம் பெற முடிந்தால் மட்டுமே அது இயங்கும் சார்ஜர்.

2. மானியத்தை இயக்கத்தோடு கட்டுங்கள்.

நிறுவியதற்கு மட்டும் பணம் கொடுத்தால் நிறுவுவதோடு வேலை முடிந்துவிடும். மானியத்தில் ஒரு கணிசமான பகுதியை நிறுத்திவைத்து, மூன்று ஆண்டுகளுக்கு இயங்குநேரக் கணக்கைப் பார்த்துத் தவணையாக விடுவிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் தவறும் நிலையத்தின் இடத்தை வேறொருவருக்கு மறு ஏலம் விட வேண்டும்.

3. ஆப் இல்லாமல் காசு கட்டும் வழி வேண்டும்.

டீக்கடையில் யுபிஐ கோடு ஸ்கேன் செய்து பத்து ரூபாய் கட்டுகிற நாட்டில், சார்ஜ் போட மட்டும் நிறுவனத்துக்கொரு ஆப், ஆப்புக்கொரு கணக்கு, கணக்குக்கொரு வாலட், அதில் முன்பணம் என்பது அநியாயம். ஒரு நிறுவனத்தின் சேவைக்கு மட்டும் பயன்படும் இத்தகைய மூடிய வாலட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அதில் தேங்கும் எங்கள் பணத்துக்குக் கேட்பாரில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஏப்ரல் 13 முதல் புதிதாக நிறுவும் 50 கிலோவாட் மற்றும் அதற்கு மேற்பட்ட சார்ஜர்கள், பதிவு செய்யாத வாடிக்கையாளரிடமும் கார்டு வழியாகப் பணம் பெற வேண்டும். இங்கே ஒவ்வொரு சார்ஜரிலும் யுபிஐ வசதி கட்டாயமாகட்டும். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலைகளின் எல்லா டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் கட்டாயம். அதே ஃபாஸ்டேக் வழியாகச் சார்ஜுக்கும் பணம் செலுத்த வழி செய்யுங்கள். வாலட்டில் மீதமுள்ள தொகையைக் கேட்ட ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்குக்குத் திருப்ப வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் சார்ஜ் தொடங்க, அட்டையோ நிலைய ஊழியரின் சாவியோ இருக்க வேண்டும்.

4. விலையும் வேகமும் பலகையில் தெரிய வேண்டும்.

பங்க் வாசலில் பெட்ரோல் விலை தெரிவதுபோல, யூனிட் விலை வரியோடு சேர்த்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தெரியட்டும். வேகத்தைப் பற்றிய உண்மையும் தெரியட்டும். 60 கிலோவாட் என்று எழுதிய இயந்திரத்தின் இரண்டு கன்களிலும் வண்டி மாட்டினால் பல இடங்களில் ஆளுக்கு 30 கிலோவாட்தான் கிடைக்கும். 40 யூனிட் பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 80 சதவீதம்வரை ஏற்ற 24 யூனிட் தேவை. 60 கிலோவாட் முழுதாகக் கிடைத்து வண்டியும் அதை ஏற்றுக்கொண்டால் 24 நிமிடம். 30 என்றால் 48 நிமிடம். டீ குடிக்கும் நேரமா, சாப்பாட்டு நேரமா என்று அறிந்து வண்டியை நிறுத்தும் உரிமை எங்களுக்கு உண்டு. கட்டணம், கன் வழியாக வண்டிக்குள் போன யூனிட்டுக்கு மட்டுமே. அந்த மீட்டர் எடையளவுத் துறையின் முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும்.

5. வரியைக் குறையுங்கள்.

மின்வாகனத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பொது சார்ஜிங் சேவைக்கு 18 சதவீதம். வீட்டில் ஏற்றும் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை. சொந்தக் கார் நிறுத்துமிடம் உள்ளவர் வரியின்றி ஏற்றிக்கொள்கிறார். வாடகை வீட்டில் இருந்துகொண்டு டாக்சி ஓட்டுபவர் ஒவ்வொரு யூனிட்டுக்கும் வரி கட்டுகிறார். சேவை வரியையும் 5 சதவீதமாக்குங்கள். சூரிய ஒளி நேரமான காலை 9 முதல் மாலை 4 மணிவரை சார்ஜிங் நிலையங்களுக்கு மலிவாக மின்சாரம் தர ஒன்றிய வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்தச் சலுகை எங்கள் பில்லிலும் தெரிய வேண்டும்.

6. தூரத்தைச் சாலையில் அளந்து காட்டுங்கள்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், கனரக வாகனங்களுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது ஒன்றிய அரசின் 2024 வழிகாட்டு நெறிகளின் இலக்கு. எதிர்ப்பக்கச் சார்ஜரை அடைய அடுத்த யு-டர்ன்வரை போய்த் திரும்பும் தூரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது இரண்டு தனி இயந்திரங்கள் இருக்கட்டும். ஒன்று படுத்தால் மற்றது கைகொடுக்கும். மலைச்சாலைக்குத் தனிக் கணக்கு வேண்டும். ஏறும்போது பேட்டரி வேகமாகக் கரையும். இறங்கும்போது பிரேக் வழியே கொஞ்சம் திரும்பி வரும். ஆகவே விரைவு சார்ஜர் அடிவாரத்தில்தான் அதிகம் தேவை: ஊட்டிக்கு மேட்டுப்பாளையம், கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு. மலைமேல் தங்கும் விடுதிகளில் இரவு முழுக்க ஏறும் சாதாரண ஏசி சார்ஜர்களே போதும்.

7. உதவிக்குத் தமிழ் பேசும் மனிதர் வேண்டும்.

24 மணி நேர உதவி எண் ஒவ்வொரு சார்ஜரிலும் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து இயந்திரத்தை மறுதொடக்கம் செய்யும் அதிகாரம் அழைப்பை எடுப்பவருக்கு இருக்க வேண்டும். பங்க் ஊழியருக்கும் காவலாளிக்கும் அவசரப் பொத்தானை விடுவிப்பது, சிக்கிய கன்னைக் கழற்றுவது, தீ ஏற்பட்டால் செய்ய வேண்டியது ஆகிய மூன்றிலும் பயிற்சி தர வேண்டும். எர்த்தும் மின்னழுத்தமும் ஆறு மாதத்துக்கொரு முறை சோதிக்கப்பட்டு, சோதித்த தேதி இயந்திரத்தில் ஒட்டப்பட வேண்டும்.

8. நிலவரம் பொதுச்சொத்தாக வேண்டும்.

ஒன்றிய அரசின் இவி யாத்ரா தளம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சார்ஜரின் உடனடி நிலவரத்தை எல்லா நிறுவனங்களும் அதில் தருவதும், எந்த வரைபடச் செயலியும் அதை எடுத்துக்கொள்ள விடுவதும் கட்டாயமாகட்டும். ஒவ்வொரு சார்ஜருக்கும் ஒரு நிலையான எண் கொடுத்து, பயணிகளின் மதிப்பீட்டையும் மாத இயங்குநேரத்தையும் அந்த எண்ணின்கீழ் வெளியிட வேண்டும். பாதகமான மதிப்பீட்டை நீக்கும் அதிகாரம் நிறுவனத்திடம் இருக்கக் கூடாது.

9. நிற்கும் நேரத்துக்கு மரியாதை வேண்டும்.

பெட்ரோல் போட ஐந்து நிமிடம். சார்ஜ் போட முக்கால் மணி. கூரை, வெளிச்சம், குடிநீர், தண்ணீர் வரும் கழிப்பறை, கண்காணிப்புக் கேமரா ஆகியவை எல்லா நிலையங்களிலும் தேவை. இரவில் தனியாக வரும் பெண்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் யாரையும் கெஞ்சாமல் பயன்படுத்தும்படி இடம் அமைய வேண்டும். மானியம் பெற்ற எந்தச் சார்ஜரும் பூட்டிய கேட்டுக்குள் இருக்கக் கூடாது. சார்ஜ் இடத்தை மறித்து நிறுத்தும் வண்டிக்கு அபராதம் விதிக்க வேண்டும்.

காலக்கெடு

3, 4, 7-ஆம் கோரிக்கைகளுக்குப் புதிய நிலம் வேண்டாம், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். ஓர் ஆணை போதும். நூறு நாளுக்குள் அதைப் பிறப்பியுங்கள். இயங்குநேரம், மானியம், பொது நிலவரம் ஆகியவற்றுக்கான விதிகளை ஆறு மாதத்துக்குள்ளும், நிலைய வசதிகளை ஓராண்டுக்குள்ளும் நடைமுறைப்படுத்துங்கள். வரிக் கோரிக்கையைத் தமிழ்நாடு அரசு ஜிஎஸ்டி மன்றத்தின் அடுத்த கூட்டத்திலேயே எழுப்ப வேண்டும். தூர இலக்கை எப்போது எட்டுவோம் என்று சாலைவாரியாக ஒரு அட்டவணை வெளியிடுங்கள்.

எங்கள் கடமை

80 சதவீதம் ஏறியதும், பின்னால் ஆள் காத்திருந்தால், கன்னைக் கழற்றி இடம் விடுவோம். அதற்குமேல் ஏறும் வேகம் எப்படியும் குறைந்துவிடும். கேபிளைச் சுருட்டி உரிய இடத்தில் மாட்டுவோம். சும்மா நிற்கும் வண்டிக்குப் பத்து நிமிடச் சலுகைக்குப் பின் கட்டணம் வைத்தால் மறுக்க மாட்டோம். நன்றாக ஓடும் நிலையத்தைப் பற்றியும் குறையுள்ள நிலையத்தைப் பற்றியும் ஒரே நேர்மையோடு, தேதியும் நேரமும் போட்டு எழுதுவோம்.

காலக்கெடு கடந்தால் அரசுப் பணத்தில் அமைந்த ஒவ்வொரு நிலையத்தின் இயங்குநேரத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்போம். சேவைக் குறைபாடுகளை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையங்களுக்குக் கொண்டுபோவோம். அடுத்த முறை எந்த அமைச்சர் புதிய சார்ஜிங் நிலையத்தைத் திறந்துவைத்தாலும், பழையவற்றில் எத்தனை இன்று ஓடுகின்றன என்று அதே மேடையில் கேட்போம். பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.