கட்டிலருகே வர வேண்டிய ஸ்கேன்

2023 அக்டோபரில் செங்கம் அருகே பத்து நாட்களுக்குள் இரண்டு கோர விபத்துகள். இரண்டிலும் தலா 7 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் அடிபடுகிறவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் பக்கம். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினால் இன்னும் 80 கிலோமீட்டர்.

விபத்தில் சிக்கிய சிலருக்கு வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை சிடி ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவதே ஆபத்து. வென்டிலேட்டரில் இருப்பவர் என்றால் வழியில் குழாய் நழுவிவிடக்கூடும். அல்ட்ராசவுண்ட் கருவி கட்டிலருகே இருந்தால், கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில், மண்ணீரலைச் சுற்றி, அடிவயிற்றில், இதய உறையில் என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். இருக்கக் கூடாத இடத்தில் கறுப்புப் பட்டை தெரிந்தால் பெரும்பாலும் ரத்தம்தான். அறுவை அரங்கைத் தயார் செய்யச் சொல்லிவிடலாம்.

விபத்துக்கு மட்டுமல்ல. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த முதியவர் ஒருவர் மூச்சுவாங்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது வீசிங்கா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்ததா? ஒன்றுக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து; மற்றதற்கு நீரை இறக்கும் ஊசி. வெறும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இதைப் பிரிப்பதில் அனுபவசாலிகளும் தடுமாறுவதுண்டு.

காற்று நிறைந்த நுரையீரலை அல்ட்ராசவுண்டில் பார்க்கவே முடியாது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். பிரான்சின் தீவிர சிகிச்சை மருத்துவர் டேனியல் லிக்டன்ஸ்டைன் அதை ஏற்கவில்லை. மூச்சுத்திணறலின் காரணத்தைப் படுக்கையிலேயே கண்டுபிடிக்கும் ‘புளூ’ முறையை 2008-ல் வெளியிட்டார். திரையில் கிடைக்கோடுகள் என்றால் உள்ளே காற்று. இரு பக்கமும் மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் கோடுகள் நிறைய என்றால் நீர் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். நுரையீரலின் உறை, மூச்சுக்கு மூச்சு எறும்பு ஊர்வதுபோல் நகர வேண்டும். நகரவில்லை என்றால், நெஞ்சுக்கூட்டில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிட்டதோ என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு பயனுள்ள கருவியை டாக்டர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாகப் போகலாமே என்றால், இந்தியாவில் அது அத்தனை எளிதில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஸ்கேன் கருவியையும் பதிவு செய்யச் சொல்கிறது. கையடக்கக் கருவி பதிவான வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது. நடமாடும் மருத்துவ ஊர்திக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு. எம்பிபிஎஸ் டாக்டர் வயிற்றை ஸ்கேன் செய்ய 2014-ம் ஆண்டு விதிகள் ஆறு மாதப் பயிற்சி கேட்கின்றன.

இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல தமிழ்நாட்டுக்கு வாயில்லை. பெண் சிசுக்கொலைகள் நடந்த உசிலம்பட்டியை யாரும் மறக்கவில்லை. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏன் வந்தது என்பதையும்தான். 2018-ல் திருவண்ணாமலையிலேயே, பாலினம் பார்த்துக் கருக்கலைப்பு செய்த கும்பல் பிடிபட்டது. ஆகவே சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று கேட்பது தவறு. ஆனால் ஐசியுவில் படுத்திருக்கும் அறுபது வயது ஆணின் நெஞ்சைப் பார்ப்பதற்கும் அதே சட்டத்தின் பயத்தில் டாக்டர்கள் தயங்க நேர்ந்தால் அது நியாயமில்லை.

ஐசியுவுக்கென்று பதிவான கருவி அங்கேயே இருக்கட்டும். எடுக்கும் ஒவ்வொரு படமும் நேரத்தோடு தானாகச் சேமிக்கப்படட்டும். மாவட்ட அதிகாரி எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கட்டும். நுரையீரல், இதயம், கழுத்து ரத்தக்குழாய் ஆகியவற்றைப் பார்க்க டியூட்டி டாக்டர்களுக்குத் தனிப் பயிற்சியும் தேர்வும் வேண்டும். அரைகுறையாகக் கற்றவர் கையில் இந்தக் கருவி தப்பான தைரியத்தைத்தான் தரும்.

கார்த்திகை தீபத்துக்குக் கூடுதல் ஆம்புலன்ஸையும் மருத்துவ முகாம்களையும் ஏற்பாடு செய்யும் சுகாதாரத் துறை, இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் ஐசியுவில் இருப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.