ஸ்காபரோவில் ஓர் ஓவியர் அம்மா

படம் கீறினால் சோறு கிடைக்குமோ என்று பிள்ளைகளை அதட்டுகிற சத்தம் எம்மவர் வீடுகளில் அடிக்கடி கேட்கிறது. டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களில் சுவர் மெல்லிசு, எல்லாம் கேட்கும். ஆகவே இம்முறை, இதே ஸ்காபரோவில் வாழ்ந்து படம் கீறியே பெயரெடுத்த ஒரு பெண்மணியைப் பற்றி எழுதுகிறோம்.

பெயர் டோரிஸ் மக்கார்தி. 1910 இல் கல்கரியில் பிறந்து ரொறன்ரோவில் வளர்ந்தவர். நீர்வர்ணத்திலும் எண்ணெய்வர்ணத்திலும் கனடாவின் நிலக்காட்சிகளைக் கீறினார். ஆனால் சம்பளம் வந்தது வேறு வழியில். 1932 முதல் 1972 வரை சென்ரல் ரெக்னிக்கல் பாடசாலையில் ஓவிய ஆசிரியை. இரண்டு வேலைக்கு ஓடுகிற எம்மவருக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

1939 இல், ஒன்ராறியோ ஏரிக்கரையில் புளவ்ஸ் என்னும் செங்குத்து மேட்டின் விளிம்பில், 12 ஏக்கர் காணியை 1,250 டொலருக்கு வாங்கினார். கலியாணமாகாத ஒரு ஆசிரியைக்கு அந்நாளில் அது பெருங்காசு. “முட்டாளின் சொர்க்கம்” என்றார் தாயார். (தாய்மார் எந்த நாட்டிலும் ஒன்றுதான்!) மகள் அதையே வீட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார். 1998 இல் வீட்டையும் காணியையும் ஒன்ராறியோ மரபுரிமை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். இன்று கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்கிறார்கள்.

ஓய்வுபெற்ற 1972 இலேயே வடதுருவப் பக்கம் போய்ப் பனிமலைகளைக் கீறத் தொடங்கினார். அதைவிட எமக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. எம்மில் பலர் நாட்டுப் பிரச்சினையால் புத்தகத்தை இடையில் மூடிவிட்டு வந்தவர்கள். நாமும் அந்தக் கூட்டம்தான். முப்பத்தைந்து வயதாகிவிட்டது, இனிப் படித்து என்ன என்று பக்ரறியில் சாப்பாட்டு நேரம் பேசிக்கொள்வோம். இந்த அம்மா ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் படித்து 1989 இல் ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தார். அப்போது வயது 79! அடுத்த வருடம் தன் வாழ்க்கைக் கதையின் முதற் பாகத்தையும் வெளியிட்டார். 2010 இல், நூறு வயதில் காலமானார்.

அதே வளாகத்தில் அவர் பெயரில் 2004 இல் திறந்த ஓவியக் கூடம் இருக்கிறது. உள்ளே போகக் காசு இல்லை. கிங்ஸ்ரன் வீதியும் பெல்லமி வீதியும் சந்திக்குமிடத்துக்குச் சற்றுத் தெற்கே, அவர் பெயர் கொண்ட நடைபாதை ஓடைப் பள்ளத்தாக்கு வழியே ஏரிக்கு இறங்குகிறது. இறங்குவது சுகம், ஏறும்போது மூச்சு வாங்கும். பனிக்காலத்தில் வழுக்கும், சின்னப் பிள்ளைகளைக் கோடையில் கூட்டிப் போங்கள். வர்ணப் பெட்டியையும் மறக்க வேண்டாம்.